பட்டாளத்து மாமனாருக்கு ஓர் இலை

நான் கல்யாணமாகி வந்த வீட்டில் எனக்கு மாமனார் கிடையாது. சுவரில் ஒரு போட்டோதான் இருந்தது. பட்டாளத்து உடுப்பில் ஒருவர் விறைப்பாக நிற்பார். பாதி முகத்தைத் தொப்பி மறைத்திருக்கும், மீதியை மீசை மறைத்திருக்கும். ஆக, எனக்குத் தெரிந்த மாமனார் ஒரு மூக்கு. அந்த மூக்குக்குத்தான் நான் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சோறு படைத்துக்கொண்டிருக்கிறேன்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் இறந்தவர்களுக்குப் படையல் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். உயிரோடு இருந்தபோது அவர்களுக்கு என்ன பிடிக்குமோ அதை இலையில் வைத்து, சாம்பிராணி காட்டி, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுவோம். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போகக் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டு, கதவைத் தட்டித் திறப்போம். அதற்குப் பிறகுதான் நமக்குச் சாப்பாடு. என் அம்மா வீட்டில் இதில் ஒரு குழப்பமும் கிடையாது. எங்கள் தாத்தாவுக்கு என்ன பிடிக்கும் என்று எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாழ வந்த வீட்டில்தான் ஒரே மனிதருக்கு இரண்டு வீட்டில் இரண்டு இலை.

ஓர் இலை மலாக்கா பக்கம் தங்கா பத்துவில், எங்கள் வீட்டில். என் வீட்டுக்காரர் அதில் கோழிக்குழம்பு, ஆட்டுக்கறி, பொரித்த மீன் எல்லாம் வைக்கச் சொல்வார். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிளாஸில் ஸ்டவுட்டு என்கிற கறுப்பு பீர், பற்ற வைத்த சிகரெட்டு. “பட்டாளத்துக்காரருக்கு இது இல்லாம எப்படி?” என்பார். இன்னோர் இலை புக்கிட் ரம்பாயில், என் நாத்தனார் வீட்டில். அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அந்த இலையில் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். “எங்கப்பா சுத்த சைவம். கையில பாட்டிலையே தொட்டதில்ல” என்பார் அண்ணி.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருக்குமே உண்மை தெரியாது. எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த மாமனார் பட்டாளத்தில் சேர்ந்து, தங்கா பத்துக்கு அப்பால் கடலோரம் இருக்கும் பழைய ராணுவ கேம்பில் இருந்திருக்கிறார். வெள்ளைக்காரப் பட்டாளங்கள் அங்கே இருந்த காலம் அது. உள்ளூர் ஆட்களையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். லீவு கிடைத்தால் வீட்டுக்கு வருவார், இரண்டு நாள் இருப்பார், போய்விடுவார். ஒருமுறை காட்டுக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, திரும்பி வரவே இல்லை. அண்ணிக்கு அப்போது ஏழு வயது. என் வீட்டுக்காரர் கைக்குழந்தை. அண்ணிக்கு ஞாபகம் இருப்பது, அப்பா ஒரு வெள்ளிக்கிழமை தன்னைக் கோயிலுக்குத் தூக்கிப் போனதும், அன்றைக்கு இருவரும் சேர்ந்து சாம்பார் சோறு சாப்பிட்டதும்தான். அந்த ஒரு வெள்ளிக்கிழமையை வைத்து மனிதரை ஆயுளுக்கும் சைவமாக்கிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு அதுவும் இல்லை. ஒன்றுமே இல்லாததால் தாராளமாக ஊற்றிக் கொடுத்தார்.

மாமியார் இருந்தவரைக்கும் ஓர் இலைதான். அன்றைக்கு என்ன சமைத்தாரோ அதை வைப்பார், அவருக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் வாய் திறந்து கேட்க முடியாது. நான் வந்த மறுவருஷமே அவர் காலமானார். அந்தத் தீபாவளிக்கே அக்காவும் தம்பியும் ஸ்டவுட்டு விஷயத்தில் முறைத்துக்கொண்டு, தனித்தனியாகப் போட ஆரம்பித்துவிட்டார்கள். பாகப்பிரிவினையும் நடந்தது. போட்டோ தம்பிக்கு, பதக்கம் அக்காவுக்கு.

பதக்கம் என்று சொன்னேன் அல்லவா, அது மாமனாரின் சாமான்களோடு கேம்பிலிருந்து வந்தது. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு தகடு. ஒரு முனையில் ஓட்டை, அதில் சங்கிலி. கழுத்தில் போட்டிருந்தாராம். கவர்மெண்டு கொடுத்த பதக்கமா, தாயத்தா என்று மாமியாருக்கே தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சாமி அறையில் வைத்து சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டார். அறுபது வருஷத்துச் சந்தனம் ஏறி அது ஒரு சின்ன மஞ்சள் சோப்புக்கட்டி அளவுக்கு ஆகிவிட்டது. வீட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் அதைத் தண்ணீரில் முக்கிக் கொடுப்பார்கள். என் மகன் பரீட்சைக்குப் போகும்போதுகூட அண்ணி கொண்டுவந்து அவன் நெற்றியில் ஒற்றிவிட்டுப் போனார். நல்ல மார்க்குதான் வாங்கினான். நான் இரவெல்லாம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததற்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை, புகழ் எல்லாம் பதக்கத்துக்குப் போயிற்று.

இப்படியே ஓடியிருக்கும். போன வருஷம் அண்ணிக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து படுத்திருந்தவரைப் பார்க்கப் போனோம். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணி அழுதுவிட்டார்.

“தம்பி, அப்பா கனவுல வர்றாரு. கேட்டுக்கு வெளியவே நிக்கிறாரு. பூட்ஸக் கழட்ட மாட்டேங்கிறாரு. உள்ள வாங்கப்பா, சோறு வெச்சிருக்கேன்னு கூப்பிடுறேன். இலைய எட்டிப் பாக்குறாரு, பேசாம போயிடுறாரு.”

“எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்திருப்பாரு” என்றார் என் வீட்டுக்காரர். அந்த நேரத்திலும் விடவில்லை பாருங்கள்.

“உன் வீட்டுலயும் சாப்பிடலடா. பசிச்ச முகம் எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் தப்பா வைக்கிறோம். நானும் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு தடவையாவது அவருக்குப் பிடிச்சத வெச்சுடணும். நீ போய்க் கேட்டுட்டு வா.”

“யார்கிட்டக்கா கேக்குறது?”

“கேம்புல போய்க் கேளு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன சிப்பாய்க்கு என்ன குழம்பு பிடிக்கும் என்று கேம்பில் போய்க் கேட்க வேண்டுமாம்.

ஆனால் என் வீட்டுக்காரர் போனார். எங்கள் வீட்டுக்கு அந்தக் கேம்ப் தூரமில்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் அங்கே சுட்டுப் பழகும் சத்தம் கேட்கும். “அப்பா கூப்பிடுறாரு” என்று நெஞ்சை நிமிர்த்துவார். “போயிட்டு வரும்போது தேங்கா வாங்கிட்டு வாங்க” என்பேன் நான். இந்த முறை உண்மையாகவே கிளம்பினார். சட்டையைத் தானே அயர்ன் பண்ணினார், அதுவே ஒரு சரித்திரம். போட்டோவைச் சுவரிலிருந்து சட்டத்தோடு, பிளாஸ்டிக் மாலையோடு கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கார் ஓட்டியது நான்.

வாசலில் காவலுக்கு நின்ற சிப்பாய்க்கு எங்கள் மகன் வயதுகூட இருக்காது. மலாய்க்காரப் பையன், ரொம்ப மரியாதை. “தா போலே லா, பாக்சிக்” என்றான், முடியாது மாமா என்று. மேலிடத்து அனுமதிக் கடிதம் இல்லாமல் உள்ளே விட முடியாது. என் வீட்டுக்காரர் மலாயில் முழுக் கதையையும் சொன்னார், ஸ்டவுட்டு உட்பட. பையன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில் போட்டோவை ஒரு தரம் உற்றுப் பார்த்தான், நேராக நின்று சல்யூட் அடித்தான். அவ்வளவுதான், திரும்பி வந்துவிட்டோம்.

“பாத்தியா, எனக்கு சல்யூட் அடிச்சான்.”

“போட்டோவுக்கு அடிச்சான்.”

“போட்டோ யார் கையில இருந்துச்சு?”

ஒரு வாரம் இதையே பேசினார். பிறகு என் மகன் போனில் ஒரு குழுவைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். அந்தக் கேம்பில் இருந்த பழைய பட்டாளத்துக்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் கூடிப் பேசும் இடம். இவரும் போட்டோவைப் போட்டார். எங்கெங்கிருந்தோ வெள்ளைக்காரப் பெரியவர்கள் பதில் எழுதினார்கள். கடற்கரை இன்னும் அழகாக இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். அங்கே சாப்பிட்ட கறி இன்னும் நாக்கில் நிற்கிறது என்று இன்னொருவர். இவர் ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் எழுதினார். எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுங்கள் என்றால், “ஆஸ்திரேலியாவுக்கு எழுதிக்கிட்டு இருக்கேன்” என்பார். அவ்வளவு பெரிய உத்தியோகம்.

கடைசியில் ஆள் கிடைத்தது எங்கே என்றால், நாங்கள் மாதம் நாலு முறை போய்வரும் மலாக்கா டவுனில். ஒரு பெண் எழுதியிருந்தாள்: “என் மாமனாரும் அங்கதான் இருந்தார். அந்தப் போட்டோவைக் காட்டினேன். மூக்கைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். காலையில் வாங்க, மதியத்துக்கு மேல் தூங்கிவிடுவார்.” நான் சொன்னேன் அல்லவா, அந்த மூக்கு சாதாரண மூக்கு இல்லை.

அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனோம். பதக்கத்தைப் பட்டுத்துணியில் சுற்றி, வெற்றிலைத் தட்டில் வைத்து, பழத்தோடு எடுத்து வந்தார். காரில் ஏறும்போது தம்பியைப் பார்த்து, “இன்னிக்குத் தெரிஞ்சிடும்” என்றார். “தெரியட்டுமே” என்றார் இவர். வழியெல்லாம் ஒருவருக்கொருவர் பேச்சில்லை. இரண்டு கட்சிக்கும் நடுவில் நான் மட்டும் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

பெரியவருக்கு எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். காது கொஞ்சம் மந்தம், சிரிப்பு மட்டும் இளசு. என் வீட்டுக்காரரின் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “மூக்கு வரலியே உனக்கு” என்றார் வருத்தமாக. பிறகு அண்ணியைப் பார்த்தார். “உனக்கு வந்திருக்கும்மா.” அண்ணி ஜெயித்த மாதிரி என்னைப் பார்த்தார்.

பக்கத்துப் பக்கத்துக் கட்டிலாம் இரண்டு பேருக்கும். என் வீட்டுக்காரரால் பொறுக்க முடியவில்லை. “அங்கிள், எங்கப்பா ஸ்டவுட்டு குடிப்பாருதானே?”

“யாரு, அவனா? ஒரு தடவ பார்ட்டில ஒரு வாய் ஊத்துனோம். ஆபிசர் பூட்ஸ் மேலயே வாந்தி எடுத்துட்டான். அதோட சரி. சிகரெட்டும் தொட மாட்டான்.”

இவர் முகம் தொங்கிப்போயிற்று. முப்பது வருஷமாக வாந்தி எடுக்கிற மனிதருக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறோம். அண்ணி தட்டை முன்னால் நகர்த்தினார். “நான் சொன்னேன்ல தம்பி? அங்கிள், இது அப்பாவோட பதக்கம். எதுக்குக் குடுத்தாங்கன்னு நீங்கதான் சொல்லணும்.”

பெரியவர் பட்டுத்துணியைப் பிரித்தார். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். மருமகளிடம் தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கி, ஒரு துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தார். தகட்டோடு தகடாக ஒட்டிக் கிடந்த ஒரு சின்னப் பல் மெல்ல நிமிர்ந்து வந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தார், இருமல் வருகிறவரைக்கும் சிரித்தார்.

“அடப் பாவிங்களா, இதுக்கா குங்குமம் வெச்சீங்க? இது டின்னு தொறக்கறதும்மா. ரேஷனோட குடுப்பாங்க. தொலைஞ்சா சோறு கிடையாது, அதனால எல்லாரும் கழுத்துல போட்டுக்குவோம்.”

மருமகள் உள்ளேயிருந்து ஒரு சார்டின் டின்னை எடுத்து வந்தாள். பெரியவர் அந்தப் பல்லை ஓரத்தில் வைத்து அழுத்தினார். கடித்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, மூடியைத் தூக்கிக் காட்டினார். கூடம் முழுக்க மீன் வாசனை. அறுபது வருஷம் எங்கள் குடும்பத்துக் காய்ச்சலை எல்லாம் இறக்கிய பதக்கம், சார்டின் சாற்றில் நனைந்து மேசைமேல் கிடந்தது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை, பார்த்தால் மானம் போயிருக்கும்.

“சிரிக்காத” என்று இவர் என் காதில் சீறினார்.

“சிரிக்கல. தும்மல் வருது.”

அண்ணி நிமிர்ந்தார். “சரி. டின்னுதான் தொறந்தாரு. அதுல என்ன இருக்கும்? என்ன சாப்பிட்டாரு எங்கப்பா?”

பெரியவரின் சிரிப்பு நின்றது. சாமி படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “வேணாம்மா. வீட்டுக்குச் சொல்லிடாதடான்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்கான். இவ்வளவு வருஷம் காப்பாத்திட்டேன்.”

“அவரு பசியோட நிக்கிறாரு அங்கிள். சொல்லுங்க.”

பெரியவர் சாமி படத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு சொன்னார். மாட்டுக்கறி டின்னு. நம் ஆட்கள் யாரும் அதைத் தொட மாட்டார்களாம், தள்ளி வைத்துவிட்டுச் சார்டின் கேட்பார்களாம். மாமனார் மட்டும் தன் பங்கு சிகரெட்டை எல்லாம் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அந்த டின்களை வாங்கிச் சேர்த்துவைப்பாராம். “எஸ்டேட்டுல கஞ்சி குடிச்சு வளர்ந்த பய. அந்த ருசி புடிச்சுப் போச்சு, என்ன பண்றது? சம்சாரத்துக்குத் தெரிஞ்சா சட்டியத் தூக்கி எறிஞ்சிரும்னு பயந்து சாவான்.”

அண்ணி வெள்ளிக்கிழமை மட்டுமில்லை, எந்தக் கிழமையும் முட்டைகூடத் தொடாதவர். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் தின்பார், ஆனால் அது மட்டும் ஆகாது. அந்த வாடை வருகிற கடைப் பக்கம்கூடப் போக மாட்டார்.

அண்ணி மெதுவாகக் கேட்டார். “சந்தோஷமா சாப்பிடுவாரா?”

“கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடுவான்மா” என்றார் பெரியவர்.

திரும்பி வரும் வழியில் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது சுலபமான காரியமில்லை. புக்கிட் ரம்பாயில் இறங்கும்போது அண்ணி, “தெரியாமலே இருந்திருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பதக்கத்தை, சரி, அந்தச் சாமானை, அவர்தான் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரங்களில் எங்கள் வீட்டில் ஒரே புலம்பல். “வீட்டுக்குள்ள அத எப்படிடி வைக்கிறது? சாமி இருக்கிற வீடு.” “வைக்காதீங்க.” “தெரிஞ்சும் எப்படி வைக்காம இருக்கிறது? பாவமா இல்ல?” “அப்ப வைங்க.” “நீ மனுஷியா?” இப்படியே போயிற்று. சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் மனசு கேட்கவில்லை. பிடித்ததை வீட்டில் சொல்லவே பயந்துகொண்டு ஒரு மனிதர் செத்துப்போயிருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் வளர்ந்து கிழடாகிவிட்டோம், இப்போதும் அவர் எங்களுக்குப் பயந்துகொண்டுதான் வெளியே நிற்கிறார். அதை நினைத்தால் எனக்கு அழுகையாக வந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் வாசலில் கார் சத்தம். அண்ணி இறங்கினார். அத்தனை வருஷமாகப் படையல் நாளில் எங்கள் வாசலை மிதிக்காதவர். ஒரு கையில் சாம்பார்த் தூக்கு. இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் பையை, உடம்பில் பட்டுவிடாதபடி தள்ளிப் பிடித்திருந்தார்.

“இனிமே ஒரே இலைதான்” என்றார்.

ஒரே இலை போட்டோம். அண்ணியின் சாம்பார் ஒரு பக்கம், என் கோழிக்குழம்பு ஒரு பக்கம். ஸ்டவுட்டு கிடையாது. பிறகு அண்ணி பழைய பேப்பரை எடுத்து இலைக்குத் தள்ளித் தரையில் விரித்தார். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். டின் உருண்டு வந்து பேப்பர்மேல் நின்றது. சுற்றியிருந்த படத்தில் ஒரு மாடு புல் மேய்ந்துகொண்டிருந்தது. “டவுன்ல கடைக்காரப் பொண்ணையே பையில போடச் சொன்னேன். நான் தொடல” என்றார். கடையில் அண்ணி அதைக் கேட்டு வாங்கிய காட்சியைப் பார்க்க நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் அந்த மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அக்கா, மூடியிருக்கே. யாரு தொறக்கிறது? என்னால முடியாது.”

“என்னாலயும் முடியாது.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். “என்னை ஏன் பாக்குறீங்க? நான் வாழ வந்தவ” என்றேன்.

அண்ணி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அதில் அந்தச் சாமான் இருந்தது. சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை. துலக்கி, எண்ணெய் போட்டு, பளபளவென்று. குனிந்து அதை டின்னுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“அவரே தொறந்துக்குவாரு” என்றார். “பட்டாளத்துக்காரர்தானே.”

சாம்பிராணி காட்டினோம். விழுந்து கும்பிட்டோம். கதவைச் சாத்திவிட்டு மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். வழக்கமாக விடுகிற நேரம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் பசியில் எழுந்து கதவைத் தட்டப் போனார். அண்ணி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

“இருடா. டின்னு தொறக்கணும்ல. பழக்கம் விட்டுப் போயிருக்கும்.”

நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.